குமிழ் ஒதுங்கும் வேகம்

நான் போனபோது அவர் டேப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து, நான்காவது ஆண்டாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் பெண். டேப்பின் நடுவே கிராஃபைட் துணுக்கு. ஒவ்வொரு பிரிப்பிலும் அது மேலும் மெலிகிறது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் ஏறக்குறைய 30 லட்சம் அடுக்குகள்; அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் அந்த ஒற்றை அடுக்கை, அதாவது கிராஃபீனை, தனியே எடுத்ததும் டேப்பால்தான்.

டேப்பைச் சிலிக்கான் தகட்டில் அழுத்தி எடுத்ததும் நுண்ணோக்கி வேலை. ஊதாப் பரப்பில் ஒரு பிடி கூடுதலாக அடர்ந்த நிழல், அதுதான் ஒற்றை அடுக்கு. அவர் திரையில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"நாள் முழுக்கத் தேடியும் நல்ல ஃப்ளேக் சிக்காத நாள் உண்டு சார்" என்றார். குரலில் அலுப்பில்லை.

கிராஃபீனைத் தகட்டிலேயே விட்டால், அடியிலுள்ள ஆக்சைடின் மேடுபள்ளமும் அதில் சிக்கிய மின்னூட்டங்களும் எலெக்ட்ரான்களைத் தடுமாற வைக்கும். 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, அணு அளவில் சமதளமான போரான் நைட்ரைடு படிகத்தின் மேல் அதை வைத்துக் காட்டியது. அந்தப் படிகங்கள் ஜப்பானின் சுகுபாவில் தாகாஷி தானிகுச்சியும் கென்ஜி வதனாபேயும் வளர்த்தவை. ராட்சத அழுத்த இயந்திரத்தில், 1500 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் சமைத்து, உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். அதனால் எத்தனையோ கட்டுரைகளில் இந்த இருவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கிறது. சரக்கு செய்தவர் பெயரும் சேர்ந்து வருவதுதான் நியாயம்.

கண்ணாடித் துண்டில் ஜெல்லி போன்ற சிலிக்கோன் மெத்தை, அதன் மேல் பாலிகார்பனேட் படலம். இதை ஸ்டாம்ப் என்கிறார்கள். இது முதலில் ஒரு போரான் நைட்ரைடைத் தூக்குகிறது; அந்த நைட்ரைடு கிராஃபீனைத் தூக்குகிறது. பசை எதுவுமில்லை, இரண்டு பரப்புக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு மட்டுமே. 2013இல் இதே கொலம்பியாவில் பிறந்த யோசனை இது. கிராஃபீனின் மேல் பிளாஸ்டிக் படுவதே இல்லை.

ஆனாலும் அழுக்கு வரும். காற்றில் இருந்த எந்தப் பரப்பிலும் நீரும் எண்ணெய் மூலக்கூறுகளும் படிந்திருக்கும்.

"ஏன்மா, கழுவிட முடியாதா?"

"உள்ள மாட்டினதை எப்படி சார் கழுவறது? அதுகளே வெளிய தள்ளணும்."

அதுதான் எனக்குப் பெரிய வியப்பு. இரண்டு அடுக்குகளுக்கும் அழுக்கைவிட ஒன்றின் மேல் ஒன்றுக்குப் பிடிப்பு அதிகம். அவை நெருங்க நெருங்க, இடையில் கிடந்தது ஓரிடமாகத் திரண்டு குமிழாகிறது. குமிழ் இல்லாத இடம் அணுவுக்கு அணு சுத்தம்! தோசைக்கல்லைப்போல அடித்தட்டைச் சூடாக்கினால் குமிழ்கள் நகரவும் தொடங்கும்.

நூறு டிகிரியைத் தாண்டியதும் அவர் ஸ்டாம்பை, அடித்தட்டில் காத்திருந்த இன்னொரு போரான் நைட்ரைடின் மேல் துளித்துளியாக இறக்கினார். ஒட்டிய பகுதிக்கும் ஒட்டாத பகுதிக்கும் நடுவிலுள்ள வண்ணக் கோடு திரையில் ஊர்ந்தது. திருகை அவர் திருப்புவது கண்ணுக்கே தெரியவில்லை. கோடு ஒரு குமிழைத் தொட்டது; குமிழ் அசைந்து, ஓரத்தை நோக்கி வழுக்கியது. ஒரு மயிரிழையைவிடக் குறைந்த தூரத்துக்கு இருபது நிமிடம்.

"வேகமா விட்டா தாண்டிப் போயிடும் சார். அப்புறம் அது உள்ளயேதான்."

வெளியாகும் கட்டுரையில் இந்த இருபது நிமிடம் செய்முறைப் பகுதியில் ஒரு வரி. அந்த வரிகளை இனி நான் நிதானமாகப் படிப்பேன்.

180 டிகிரியில் பாலிகார்பனேட் உருகி மெத்தையை விட்டு விலகியது. குளோரோஃபார்மில் அதைக் கரைத்தபின், மிக நுண்ணிய ஊசிமுனையால் பரப்பைத் தடவிப் பார்க்கும் கருவியில் வைத்தார். படம் வரிவரியாக விரிந்தது. இடது மூலையில் மூன்று குமிழ்கள் தங்கிவிட்டிருந்தன.

ஐயோ என்று என் வாய் முணுமுணுத்தது. அவர் குமிழ்களைப் பார்க்கவே இல்லை. அவற்றுக்கு வலப்புறம் இருந்த குமிழற்ற இடத்தில் சுட்டியால் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்தார்.

"டிவைஸுக்கு இவ்வளவு இடம் போதும் சார்."