குழித்துறை: பழைய பத்திரத்தில் இருக்கும் குடும்ப வரலாறு

கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு அருகே ஒன்றாகி, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணம் பக்கம் கடலில் சேர்கின்றன. நெல்லைச் சீமைத் தாமிரபரணி வேறு, குழித்துறைத் தாமிரபரணி வேறு. ஆடி அமாவாசையன்று முன்னோருக்குப் பலி கொடுக்க இந்த ஆற்றங்கரையில் கூட்டம் கூடும். அதையொட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சிக்கு வரும் விவசாயிகள் செடி, கன்று வாங்கிப் போவார்கள்.

பலி கொடுப்பவர்களுக்கு இரண்டு, மூன்று தலைமுறைப் பெயர்கள் தெரியும். அதற்கு முன்னால் யார் வந்து இந்த விளையைத் திருத்தித் தென்னை வைத்தார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. அந்தப் பதில் பெரும்பாலும் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரத்தில் இருக்கிறது.

குழித்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட விளவங்கோடு தாலுகா, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் எழுதிய பத்திரங்களில் பெரும்பாலானவை மலையாளத்தில் உள்ளன. தாத்தா மலையாளப் பள்ளியில் படித்தவர். பேரனுக்கோ அந்த எழுத்து தெரியாது. வாசித்துச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

பத்திரத்தில் உள்ள ஆண்டு கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பெரியவர்கள் சொல்லும் ‘99-ஆம் ஆண்டு வெள்ளம்’ கொல்லம் 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில் வந்தது.

சில குடும்பங்களில் மருமக்கள்வழி இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். நாயர்களுக்கு 1925-லும், நாஞ்சில்நாட்டு வெள்ளாளர்களுக்கு 1926-லும் வந்த சட்டங்களுக்குப் பின்னரே இது மாறியது. அப்படிப்பட்ட பத்திரங்களில் தகப்பன் பெயரை மட்டும் தேடினால் வழி தவறிவிடும். தாய், தாய்மாமன், வீட்டுப்பெயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ‘மாவிளை’ என்ற வீட்டுப்பெயர் மலையாளத்தில் ‘மாவிள’ என்றிருக்கும்.

அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் உழவர்கள் பல்லாயிரம் பேர் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். 1727 முதல் பிலடெல்பியா துறைமுகத்தில் அவர்கள் பெயர்களைப் பட்டியலிட்டார்கள். ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் உருமாறின; ‘முல்லர்’ குடும்பங்கள் பல காலப்போக்கில் ‘மில்லர்’ ஆயின. ஆனாலும் கப்பல் பட்டியல், நிலப் பத்திரம், சர்ச் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் இன்றைய பேரப்பிள்ளைகள் தங்கள் முதல் உழவரைக் கண்டுபிடிக்கிறார்கள்.

குழித்துறைப் பக்கத்து விவசாயிக்கும் அதுவே வழி. பத்திரத்தை முதலில் படம் எடுத்து வைக்க வேண்டும். மலையாளம் தெரிந்த பெரியவரை வாசிக்கச் சொல்லி, பெயர், வீட்டுப்பெயர், ஆண்டு, நான்கு எல்லை, முந்தைய பத்திரத்தின் எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டால், ஒரு தலைமுறை பின்னால் போகலாம். வரப்புத் தகராறோ வழித் தகராறோ வரும் நாளில் இதே தாள்தான் கைகொடுக்கும். கரையானுக்கு முந்திக்கொள்வது நல்லது.