கல்லூரிப் பெயர்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, பேரன் என்னைப் பிடித்து உட்கார வைத்து சூப்பர் பவுல் காட்டினான். பிலடெல்பியா ஈகிள்ஸ் 40, கான்சாஸ் சிட்டி 22. எனக்கு ஆட்டம் ஒன்றும் விளங்கவில்லை. 68ஆம் எண் சட்டை போட்ட ஒருவர் மேல்தான் கண் போனது. ஆறடி எட்டு அங்குலம், 160 கிலோவுக்கு மேல். அவ்வளவு பெரிய ஆள் பந்தைத் தொடவே இல்லை!

"அம்மாச்சி, அவர் வேலையே அதுதான். பந்தை எறிகிறவரை யாரும் வந்து சாய்த்துவிடாமல் மறிக்கணும்" என்றான் பேரன். வலது கையால் எறிபவர் உடம்பைத் திருப்பி நிற்கும்போது இடது பக்கம் அவர் கண்ணில் படாதாம். அந்தப் பக்கத்துக்குக் காவல் இவர்.

பெயர் ஜோர்டான் மைலாட்டா. சிட்னியில் வளர்ந்த சமோவா குடும்பத்துப் பிள்ளை. இளம் வயதிலேயே இதயத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அங்கே ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவரை 2018இல் ஈகிள்ஸ் எடுத்தது. அந்த வருடம் தேர்வான 256 பேரில் 233ஆவது. அதுவரை அவர் ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று. இவருக்குத் தெரிந்ததோ நேர் எதிர். ரக்பியில் பந்து இல்லாத ஆளை மறித்தால் தவறு. இங்கே அதுதான் சம்பளம் வாங்கும் வேலை.

ஜெஃப் ஸ்டௌட்லண்ட் என்ற பயிற்சியாளர், கால் வைக்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு வருடம் ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. நடுவில் முதுகில் காயம் வேறு. 2020இல்தான் களம் கண்டார். 2021இல், முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்ட இன்னொருவரோடு போட்டியிட்டு அந்த இடத்தைப் பிடித்தார்.

டிவியில் வீரர்கள் ஒவ்வொருவராகத் தன் பெயரையும் படித்த கல்லூரியையும் சொல்வார்கள். மைலாட்டா கல்லூரிக்கே போனதில்லை. அவர் சொல்வது "ஜெஃப் ஸ்டௌட்லண்ட் யுனிவர்சிட்டி". பேரன் சிரித்தான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு பையன் வந்தான். செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பம். நாலாம் வகுப்பு வயது, ஆனால் 'அ' தெரியாது. நான் அவனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். எழுத்து தெரிந்தபின் என் வகுப்புக்கு வரட்டும் என்று நினைத்தேன், சரியென்றுதான் பட்டது. அவனோ அந்தக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு உயரம். காலை மடக்கி, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பத்து நாள் வந்தான். அப்புறம் வரவில்லை. நானும் சூளைப் பக்கம் போய் விசாரிக்கவில்லை. காலாண்டுத் தேர்வு வேலை இருந்தது.

பெயரை இங்கே எழுத மனமில்லை. அந்த வருடம் நாலாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.