பெயர் ஒட்டாத போத்தல்கள்

வானொலியில் தினமும் மூன்று மணி நேரம் பேசுகிறவள் நான். அம்மாவின் சமையலறையில் அன்று ஒரு வார்த்தை வரவில்லை. எதிரே பதினொரு போத்தல்கள். ஹார்லிக்ஸ், நெஸ்கஃபே, ஜாம் என்று ஒரு காலத்தில் எதையோ சுமந்தவை. ஒன்றிலும் பெயர் ஒட்டவில்லை. பாதிக்கு மேல் ஒரே செம்பழுப்பு நிறம்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். சில வாரங்களுக்கு அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோலாலம்பூரில் விடுப்புப் போட்டுவிட்டு, ஜாவி டோலில் இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். முதல் நாள் நான் வைத்த மீன் குழம்பை ஒரு வாய் சாப்பிட்ட அப்பா, "கடையில வாங்கினியா?" என்றார். பாராட்டு இல்லை அது.

சுங்கை பாக்காப்பைப் பலரும் காரில் கடந்து போயிருப்பீர்கள். பழைய நெடுஞ்சாலை, இருபுறமும் கடைவீடுகள், ஒரு மருத்துவமனை, பாசார். 2024 ஜூலையில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலின்போது கொஞ்ச நாள் செய்தியில் அடிபட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது கரும்பு விளைந்த பூமி. கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனர் தோட்டம் போட்டு வளர்த்த ஊர். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது.

பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியலில் கிளம்பி, மதியம் திரும்பி, அன்றன்றைக்கு அம்மியில் மசாலா அரைத்தவர். அம்மாவுக்குப் பிறையில் ஃபேக்டரி வேலை, ஷிப்ட் வேலை. தினம் அரைக்க நேரம் ஏது? மொத்தமாக வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்துப் போத்தலில் அடைக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் அம்மியை ஓரங்கட்டியது மிக்ஸி அல்ல, ஷிப்ட்.

இரண்டாம் நாள் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு மேசையில் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து நீட்டினேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

"இது இறைச்சிக்கு. சோம்பு தூக்கலா இருக்கு பாரு. இது மீனுக்கு, வெந்தயம் வாசம் வரும். இது ரசப்பொடி, பழசு, கொட்டிடு."

ஒரு கிலோ மல்லிக்கு அரைக் கிலோ காய்ந்த மிளகாய் அவர் கணக்கு. எல்லாவற்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லி சூடேறுவதற்குள் சீரகம் கருகிவிடும். மில்லிலிருந்து வந்த தூளை நாளிதழில் பரப்பி ஆறவிட வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியில் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். மீன் குழம்புக்குத் தூள் மட்டும் போதாது. வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு, உளுந்து கலந்த தாளிப்பு தனிப் போத்தல். மலாய்க்காரர்கள் அதையே 'ஹல்பா சம்போர்' என்பார்கள். நான் விட்டது அதைத்தான்.

கடைசிப் போத்தலைத் திறந்ததும் நானே கண்டுபிடித்துவிட்டேன். பெலாச்சான்! கூனி இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்தது. அம்மா அதில் சுண்டைக்காய் அளவு எடுத்து அனலில் சுட்டு, மிளகாயோடு இடித்துக் கீரைப் பிரட்டலில் சேர்ப்பார். பாட்டி இருந்தவரை அதை வீட்டுக்குள் சுட விடமாட்டார், பின்வாசலில்தான். சாப்பிட மட்டும் முதல் ஆளாக உட்காருவார்.

மல்லி தீர்ந்திருந்தது. பத்து காவான் பாலம் வழியாகத் தீவுக்குப் போய், ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். ஊர் சுற்றும் ஆசைதான்.

"அரைக் கிலோ மல்லிக்கு 24 கிலோமீட்டர் பாலமா? நம்ம பாசார்ல இல்லாத மல்லி அங்க என்ன இருக்கு?"

சைக்கிளில் போய் வாங்கி வந்தேன்.

அன்று மாலை மறுபடி மீன் குழம்பு. அப்பா எதுவும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி சோறு கேட்டார். அம்மா மட்டும், "புளி கொஞ்சம் முந்திக்கிட்டு நிக்குது" என்றார்.

புறப்படும் முன் ஸ்டிக்கர் வாங்கிப் பதினொன்றிலும் பெயர் எழுதி ஒட்டினேன். அம்மா தடவிப் பார்த்து, "எனக்கு எதுக்கு இது?" என்றார். எனக்குத்தான் என்றேன்.

இன்னொரு கண்ணுக்கு நவம்பரில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வரும்போது மீன் தூளை நானே வறுத்து அரைத்துக் கொண்டுவர வேண்டுமாம்.