விரல்கள் மடங்கிய பிறகு

ஆவணி, வெள்ளி

பேரையூர்ப் பக்கம் நடந்த கண் முகாமில் அத்தையைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணுக்கு உடனே செய்துவிடலாம் என்று சாயங்காலமே முகாம் பஸ்ஸில் ஏற்றி மதுரை அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். சாப்பாடு, பாய், அறுவை, திரும்பிப் போக பஸ், எதற்கும் காசில்லை. எனக்குத் தகவல் தெரிந்து போய்ச் சேருவதற்குள் அத்தை பக்கத்துப் பாய்க்காரியோடு உறவு கொண்டாடிக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா அத்தை?”

“பயந்து என்ன ஆகப் போகுது? ஆத்தா விட்ட வழி தாயி.”

சொன்ன கையோடு, சொட்டு மருந்து போட வந்த பெண்ணிடம் தலைக்குத் தண்ணீர் ஊற்ற எத்தனை நாள் ஆகும், குனிந்து கூட்டலாமா, ஆட்டுக்கு எப்போது குழை ஒடிக்கப் போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு மனசில் வாங்கிக்கொண்டார். ஆத்தா விட்ட வழி என்று சொல்கிறவர்களைப் பற்றி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். என் அத்தையை அவர்கள் பார்த்ததில்லை.

சனி

அத்தையை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். வெளியே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் இந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1 அன்று பிறந்த விவசாயி வீட்டுப் பிள்ளை. மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் படித்த பள்ளிக்கூடம். சின்ன வயதில் உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்தவர். பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்ற வைராக்கியம் அங்கே பிறந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, பிறகு இராணுவ மருத்துவப் பணி. எல்லாம் நினைத்த பாதையில்தான் போய்க்கொண்டிருந்தது.

முப்பது வயதை நெருங்கும்போது முடக்குவாதம் வந்தது. 1948இல் இராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாதக்கணக்கில் படுக்கை. நிற்க முடியவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை. விரல்கள் முறுக்கிக்கொண்டு மடங்கிப்போயின. பிரசவ மருத்துவம் அதோடு முடிந்தது. பத்து வயதுக்குள் எடுத்த சபதம், அதற்காகவே படித்த படிப்பு, கை மட்டும் இல்லை.

அவர் கண் மருத்துவத்துக்குப் போனார். அந்த விரல்களோடு, கண்ணுக்குள்ளே! கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அந்தக் கைக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். விரல் வளைவுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். 1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். பெரியாஸ்பத்திரி அப்போது எர்ஸ்கின் மருத்துவமனை. அங்கேயும், பிறகு ஊர் ஊராக நடந்த முகாம்களிலும் வேலை. ஆயுளுக்குள் அந்தக் கை செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். வலி கடைசிவரை விடவில்லை.

அத்தை பச்சைத் துணி மூடிய கண்ணோடு வெளியே வந்தார். “அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்று என்னிடம் கேட்டார், நான்தான் அறுவை செய்ததுபோல.

ஞாயிறு

கட்டைப் பிரித்தார்கள். அத்தை முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார், அப்புறம் என் முகத்தை. “இளைச்சிட்ட தாயி” என்றார்.

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் கண்ணுக்குள்ளும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் புரை எடுத்தால் கெட்டிக் கண்ணாடிதான். கண்ணாடி உடைந்தால் திரும்பவும் இருட்டு. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்று தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். அதனால்தான் குழை ஒடிக்கிற அத்தைக்கும் அது கிடைத்தது.

இந்த இடம் தொடங்கியது 1976இல். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். வீட்டை அடமானம் வைத்தார்கள், குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள், கூடவே நின்றார்கள். காசு கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு அதே கையால் அதே அறுவை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் முடித்ததும் மருத்துவர் அடுத்ததற்குத் திரும்புவார், அங்கே எல்லாம் தயாராக இருக்கும். தயார் செய்து வைப்பவர்கள் கிராமத்துப் பெண்கள், இங்கேயே பயிற்சி பெற்றவர்கள். முந்தாநாள் அத்தைக்கு மருந்து போட்ட பெண்ணும் அப்படி வந்தவள்தான்.

பெயர் வைத்தது புதுச்சேரி அரவிந்தரை நினைத்து. அரவிந்தரிடமும் அன்னையிடமும் தன்னை ஒப்படைத்தவர் டாக்டர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரும் நாட்குறிப்பு எழுதியவர். அதில் தனக்குத்தானே கேள்விகள் போட்டுக்கொண்டே இருப்பார், வேலையைப் பற்றியும், தன் மனம் சுத்தமாக இருக்கிறதா என்பதைப் பற்றியும்.

அந்த நோய் வராவிட்டால் அரவிந்த் இல்லை, எல்லாம் கடவுள் போட்ட திட்டம் என்று மேடையில் பேசுவது சுலபம். எனக்கு அப்படிக் கணக்குப் போட மனம் வரவில்லை. 1948இல் படுக்கையில் கிடந்தவருக்கு 1976 தெரியாது. லட்சம் கண்கள் தெரியாது. சாய்ந்து உட்கார முடிகிறதா என்பதுதான் அன்றைய நாள். பலன் தெரிந்து கீழ்ப்படிவது வேறு விஷயம், அது வியாபாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவர் கீழ்ப்படிந்தது தெரியாமல்.

மூலத்துக்கு முந்தின நாள்

மீனாட்சி கோயிலில் இன்று நரியைப் பரியாக்கிய லீலை. ஆடி வீதியில் கூட்டம்.

மாணிக்கவாசகராகிய வாதவூரர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கப் பொன்னோடு போனவரைத் திருப்பெருந்துறையில் குரு ஆட்கொண்டார், பொன்னெல்லாம் கோயிலாயிற்று. அவருக்காக நடந்ததுதான் இந்த லீலை. அவருக்கு வழி மாறியது ஒளியில். டாக்டருக்கு வலியில். இன்றைக்கு எனக்கு டாக்டரின் வழிதான் நெருக்கமாக இருக்கிறது. ஒளியைப் பார்த்த பிறகு சரி என்று சொல்லிவிடலாம். ஒன்றும் தெரியாத மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தபடி சரி என்று சொல்ல வேண்டுமே.

என் சங்கதியையும் எழுதிவிடுகிறேன். குரல்வளை கெட்டுவிட்டது, வகுப்பெடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, பள்ளியில் நூலகத்துக்கு மாற்றினார்கள். தமிழாசிரியருக்குக் குரல்தான் எல்லாம். செய்யுளை ராகம் போட்டுச் சொன்னால் கடைசி பெஞ்சும் திரும்பும். அதை நினைத்து இரவில் அழுதிருக்கிறேன், மீனாட்சியிடம் கேள்வியும் கேட்டிருக்கிறேன். கேட்பதில் தப்பில்லை என்றே நம்புகிறேன். மறுநாள் காலை நூலகக் கதவைத் திறப்பதும் அவளுக்குச் சொல்கிற பதில்தான்.

ஆவணி மூலம்

புட்டுத்தோப்பில் பிட்டுத் திருவிழா. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்திருக்கிறார்கள். வைகை உடைப்பெடுத்தபோது வந்திக் கிழவியின் பங்குக்கு, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு மண் சுமக்க வந்தார் சொக்கநாதர். பிரம்படியும் பட்டார். வழக்கமாக அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்ததைத்தான் பெரிதாகச் சொல்வோம். இன்று எனக்குத் தோன்றியது வேறு. நம்மைக் கீழ்ப்படியச் சொல்கிற சாமி, தானும் ஒரு கிழவியின் சொல்லுக்குத் தலையில் கூடை ஏற்றிக்கொண்டார். அப்படிப்பட்டவர் சொன்னால் கேட்கலாம்.

புதன்

ஊரிலிருந்து அத்தை போன் செய்தார். சொட்டு மருந்து தவறவில்லையாம். அடுத்த கண்ணுக்கும் வருவதாகச் சொல்லிவிட்டு, தன் தெருவில் புரை விழுந்த இரண்டு பேரையும் கூட்டி வரப்போகிறாராம். “நான் சொன்னா கேப்பாங்க, எனக்குத்தான் தெரியுதே!”

தலைமையாசிரியர் அம்மா நூலகத்தில் வாரம் ஒருநாள் வாசிப்பு வகுப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். நான் வாசிக்க மாட்டேன், பிள்ளைகள் வாசிப்பார்கள். எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று பக்கத்தில் நின்று கையால் காட்டுவேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், நல்ல கணீர்க் குரல், ழகரம் மட்டும் தடுமாறும். நாளைக்கு அவளிடம் பேச வேண்டும்.