பிடி அரிசி

எங்கள் மஹல்லாவின் பைத்துல்மால் என்பது பள்ளிவாசல் ஹவுலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய அறை. ஒரு தகர டிரம், ஒரு தராசு, ஒரு கணக்கு நோட்டு; அவ்வளவே. மாதத்தின் முதல் ஜும்ஆ முடிந்ததும் 20 குடும்பங்களுக்குத் தலா 10 கிலோ அரிசியும் சிறிது பருப்பும் எண்ணெயும் அங்கிருந்து செல்லும். வாப்பா மவுத்தாகி, உம்மா இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த அறையால்தான். ஆகவே, சென்ற முஹர்ரத்தில் நடந்த ஜமாஅத் கூட்டத்தில், "இனி ரமளானில் மட்டும் கொடுப்போம், அறையைப் பூட்டிவிடலாம்" என்று ஒரு பெரியவர் கூறியபோது என்னால் வாளாவிருக்க இயலவில்லை.

அவர் கல்நெஞ்சர் அல்லர். நம்மில் பெரும்பாலோர் ஜகாத்தை ரமளானில்தான் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். ஃபித்ராவோ பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவர்களைச் சென்றடைந்துவிடுகிறது. ஷவ்வாலில் நிறைந்திருந்த டிரம், முஹர்ரம் பிறப்பதற்குள் அடி தெரிந்துவிட்டது. "2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறதே" என்றும் அவர் கேட்டார். கிடைக்கிறதுதான். ஆனால், கணவனை இழந்து தாய்வீடு திரும்பிய பெண்ணின் பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையில் அல்லவா இருக்கிறது? நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அத்தகைய பெண்களே பாதிப்பேர். ஒரு மாத அவகாசம் தந்தார்கள்.

வழி சொன்னது உம்மா. "முன்பெல்லாம் மதரஸாவுக்குப் பிடி அரிசி எடுத்து வைப்போமே, வாப்பா" என்றார். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பது. வெள்ளிதோறும் அதைப் பள்ளிக்குக் கொடுப்பது. ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டாலும், 140 வீடுகள் வைத்தால் மாதம் 210 கிலோ. ஆண்கள் கூடிப் பேசியதைவிட, உம்மாவும் என் லாத்தாவும் அடுக்களை அடுக்களையாகச் சென்று பேசியதே பலித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஓதும் பிள்ளைகள் வாளியுடன் வீடு வீடாகச் சென்றார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, பிரியாணிக்கு வாங்கிய சீரகச்சம்பா என அனைத்தும் ஒரே டிரம்மில் விழுந்தன. ஒன்று குழைந்தால் மற்றொன்று வேகாது. முதல் மாதம் வாங்கியவர்கள் என்ன பாடு பட்டார்களோ! ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுவே எங்களை மேலும் கூசச் செய்தது. அதன் பிறகே இரண்டாவது டிரம் வாங்கிப் பிரித்து வைக்கத் தொடங்கினோம்.

அந்த 20 வீடுகளைப் பிள்ளைகள் தாண்டிச் செல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது எங்கள் எண்ணம். முதல் விநியோகம் முடிந்த மறு வெள்ளியன்று, தெருமுனை வீட்டுப் பெண்மணி வாசலில் குவளையுடன் நின்றிருந்தார்.

"எங்கள் வீட்டை மட்டும் ஏன் தம்பி விட்டுவிட்டுப் போகிறீர்கள்?"

பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு விடை தோன்றவில்லை, வாளியை நீட்டினேன். குவளையிலிருந்து விழுந்தது, சென்ற வெள்ளி நாங்கள் அளந்து கொடுத்த அதே கலப்பரிசி.