அன்னமுன்னாப் பழம் போன வழி

கொட்டாஞ்சேனையில் புறப்பட்ட பள்ளிக்கூட பஸ், மீதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தது. காலி வீதியில் கால்வாய்ப் பாலம் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆசிரியத் தோழியின் அழைப்பில் சென்னையிலிருந்து வந்து அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரிந்த கை. பள்ளிக்கரணையைத் தாண்டும்போது சிறுவயதில் நாங்களும் இப்படித்தான் பொத்துவோம். குப்பை மேட்டுக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது என்று எங்களை யாரும் இறக்கிக் காட்டியதில்லை. 2015 வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அந்தச் சதுப்பின் பெயரை நான் சரியாகக் கேட்டேன்.

கோட்டேயிலுள்ள ஈரநிலப் பூங்காவுக்குப் போகும் வழியில் நெரிசல். 1505இல் வந்த போர்த்துக்கீசரை வேண்டுமென்றே சுற்றுவழியில் கோட்டேக்குக் கூட்டிப்போனார்கள் என்பது கதை. அதை வைத்துச் சிங்களத்தில் ஒரு பழமொழியே உண்டு. தோழி அதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தினாள்.

பெத்தகான ஈரநிலப் பூங்கா ஏறக்குறைய 18 ஹெக்டேர். உள்ளே நுழைந்ததும் காதில் இருந்த நகரம் அடங்கிப்போயிற்று. சதுப்பின் மேலே போட்ட நடைபாதை, இரு பக்கமும் கோரை, அதற்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று சிவந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடந்தது. “முதலை, முதலை!” என்று ஒரு பையன் அலறினான். “இல்லையடா, கபரகொய்யா” என்றாள் பின்னால் வந்தவள். அந்த உடும்பினம் எங்களைப் பொருட்படுத்தாமல் தண்ணீரில் இறங்கிப் போயிற்று.

வழிகாட்டி ஒரு சிங்கள இளைஞர். பேசியது பாதி தமிழ், மீதி கை. அவர் பாடப்புத்தகம் எதையும் திறக்கவில்லை. வலையைச் சேற்றோரம் ஓட்டி, அள்ளியதை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். முதலில் வெறும் கசடுதான் தெரிந்தது. பிள்ளைகள் குனிந்து காத்திருந்தார்கள். கசடு அசைந்தது. பழுப்பு நிறத்தில், ஆறு கால்களோடு, அழகில்லாத ஒரு பூச்சி.

“தும்பியின்ர குஞ்சு” என்றார்.

யாரும் நம்பவில்லை. தும்பி தண்ணீருக்குள்ளிருந்தா வருகிறது? அதன் கீழுதடு மடித்து வைத்த கைபோல முகத்தடியில் இருக்கும், இரை கிட்ட வந்தால் கண்ணிமைக்கும் முன் நீண்டு பிடிக்கும் என்று விளக்கினார். தட்டில் நெளிந்துகொண்டிருந்த நுளம்புப் புழு ஒன்று, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போயிற்று.

“மிஸ், அப்ப இது இருந்தா டெங்கு குறையும் என்ன?”

கேட்டவள் வெள்ளவத்தையில் ஏறிய பத்து வயதுப் பெண். பூச்சட்டித் தண்ணீரைக் கவிழ்த்துப் பழகிய ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் எப்படி இருக்கும்? தட்டைத் திரும்பத் தண்ணீரில் கவிழ்க்க அவளே போனாள்.

இந்தச் சதுப்பு ஒரு காலத்தில் அரண். 15ஆம் நூற்றாண்டில் கோட்டே தலைநகராக இருந்தபோது பகைவரைத் தடுத்ததில் மதிலுக்கு உள்ள பங்கு சேற்றுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப் பெருமாள் இந்த அரசின் படையோடுதான் வடக்கே போனார். பின்னாளில் இங்கே புவனேகபாகு என்ற பெயரில் ஆண்டார். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயிலில் சொல்லும் கட்டியத்தில் அந்தப் பெயர் இன்றும் ஒலிக்கிறது. தோழி இதைச் சொன்னபோது, ஆண்டுதோறும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் பிள்ளைகள் தண்ணீரை வேறு கண்ணோடு பார்த்தார்கள்.

மீன்பிடிப் பூனையை நாங்கள் பார்க்கவில்லை. அது இரவுப் பிராணி. ஆனால் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை பூட்டிப் பின்தொடர்ந்த பூனைகள் கொழும்பின் கூரைகள் மேலே நடந்து, வீட்டுத் தொட்டிகளில் அலங்கார மீன் பிடித்திருக்கின்றன. இப்படியொரு நகரத்தை நான் கற்பனையிலும் கண்டதில்லை. 2018இல் ராம்சர் உடன்படிக்கை முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18இல் கொழும்பும் ஒன்று. எங்கள் பள்ளிக்கரணை 2022இல்தான் ராம்சர் பட்டியலில் ஏறியது.

இங்கேயும் எல்லாம் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. சதுப்புகள் நிரப்பப்பட்டன, வீடுகள் எழுந்தன. 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஓயா பெருகி நாடாளுமன்றத்தையே சூழ்ந்துகொண்டது. வழிகாட்டி ஒரு பஞ்சையும் ஓட்டுத் துண்டையும் எடுத்து, இரண்டின் மேலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் ஒரு பையனின் சப்பாத்தை நனைத்தது. பஞ்சு சும்மா இருந்தது.

நடைபாதையோரம் பச்சைக் காய்கள் தொங்கும் மரங்கள். “அன்னமுன்னா!” என்றார்கள் பிள்ளைகள், நாங்கள் சீத்தா என்போம். இந்த மரம் அதே குடும்பம்தான், ஆனால் வேறு இனம்; அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்தது. காய் மிதக்கும், தண்ணீர் போகும் இடமெல்லாம் விதை போகும், உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடிக்கும். “தண்ணீர் எங்கே போகுது?” என்று வழிகாட்டி கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மண்ணில் குச்சியால் கோடு இழுத்தார். தியவன்னா, கிருலப்பனைக் கால்வாய், அப்புறம் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை தெகிவளை, மற்றது வெள்ளவத்தை.

“எங்கட கால்வாயோ?” என்றாள் அந்தப் பெண். அவளுடைய கை மெல்ல மூக்குக்குப் போய், பாதியில் நின்றது.

மறுநாள் காலையில் ரயில் பாதையோரம் நடந்து, கால்வாய் கடலில் சேரும் இடத்துக்குப் போனேன். நாற்றம் இருந்தது. ரயில் பாலத்தின் நிழலில் பிளாஸ்டிக் போத்தல்களுக்கு நடுவே பச்சையாக ஒரு காய் மிதந்து வந்தது. அலை அதை இரண்டு முறை உள்ளே தள்ளியது. மூன்றாவது முறை இழுத்துக்கொண்டு போயிற்று.