மங்கல் பக்கம்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகள் சாக்கின்மேல் எழுதியிருப்பதை நம்பிக் கொள்முதல் செய்வதில்லை. மாதிரிக் காயைக் கையிலெடுத்து, நிறமும் பருமனும் பார்த்து, ஒன்றிரண்டை உரித்து முகர்ந்த பிறகே விலை சொல்லுகிறார்கள். அந்த விவேகம் எனக்கு இல்லாமற் போயிற்று. என் தகப்பனாரின் நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்றுவதற்காக, பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த எண்ணை நம்பிச் சொற்ப விலையில் நான் வாங்கிய ஸ்கேனர், உண்மையில் ஒரு டப்பாவுக்குள் அடைத்த சிறு காமிராதான் என்பது, 35 மி.மீ. படங்களில் வானம் வெளுத்து முகங்கள் களிமண்ணாகிய பிறகே விளங்கிற்று; ஆக்பா கிளிக் காமிராவில் அவர் எடுத்த சதுர நெகட்டிவ்களோ அதற்குள் நுழையவே இல்லை.

ஆகவே, அவ்வூரில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவருடைய அலமாரியில் உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பிலிம் உட்பட, உறையிட்ட நெகட்டிவ்கள் அடுக்கடுக்காக இருந்தன. போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்ட வீடுகளிலிருந்து வந்தவற்றை மட்டும் அவர் தனியே வைத்திருந்தார். மலையின் ஈரம் அவற்றில் சிலந்திவலைபோல் பூசணமாகப் படர்ந்திருந்தது.

“தண்ணி மட்டும் காட்டிராதீங்க, தம்பி. பூசணம் தின்ன எமல்ஷன் அப்படியே கரைஞ்சு வந்துரும்” என்றார்.

மூடியில் விளக்குள்ள பழைய எப்சன் வி600 ஒன்றை அவருடைய பேத்தி இயக்கிக்கொண்டிருந்தாள். பெட்டியில் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தாலும், மெய்யாகத் தேறுவது சுமார் 1500தான். எனினும் ஆறு சென்டிமீட்டர்ச் சதுர நெகட்டிவுக்கு அதுவே பக்கத்துக்கு 3300 புள்ளியாகி, பதினோரு அங்குலப் பிரதிக்குத் தாராளமாகப் போதும், 35 மி.மீ. படமோ ஏழங்குல நீளத்தைத் தாண்டினால் நைந்துவிடும். அந்தச் சிறு படங்களுக்கென்றே உள்ள பிளஸ்டெக் 8100, சொல்லும் 7200இல் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. ஆனால் சதுர நெகட்டிவை ஏற்காது. எனவே யந்திரத்தை விசாரிப்பதற்கு முன் வீட்டு நெகட்டிவை ஸ்கேல் வைத்து அளப்பதே உத்தமம் என்று எனக்குப் பட்டது. அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு நீக்கும் வசதிக்கென்று அதிகப் பணம் கொடுப்பதும் வர்ணப் பிலிமுக்கே பிரயோஜனம். வழக்கமான கறுப்பு வெள்ளைப் பிலிமில் உருவத்தை ஆக்கிய வெள்ளியே அக்கதிரை மறித்துவிடுவதால், தூசி எது, மூக்குத்தி எது என்று யந்திரத்துக்குத் தெரியாது. அதனால்தான் பேத்தி ஒவ்வொரு துண்டையும் மெல்லிய பிரஷ்ஷால் தடவி, ஊதுகுமிழால் ஊதி, விளிம்பை மட்டும் பிடித்து வைத்தாள். ஒரு படத்துக்கு ஸ்கேனர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அந்தத் தடவலுக்கு ஆன நேரமே அதிகம்.

நானும் கொண்டுபோயிருந்த ஒன்றை வைத்துப் பார்த்தேன்: கலியாணமான புதிதில் தகப்பனார் எடுத்த என் தாயாரின் படம். திரையில் அது துலங்கிய விதத்தில் நான் மெய்ம்மறந்திருக்க, பெரியவர் ஒரு கணந்தான் பார்த்தார்.

“ஏன் தம்பி, அம்மா வலது தோள்லயா முந்தானை போடுவாங்க?”

பளபளப்பான பக்கம் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமென்று பேத்தி சொல்லியிருந்தாள். மூடியைத் திறந்து, பிலிமை வெளிச்சத்தில் சாய்த்து, மங்கல் பக்கத்தைத் தேடித் திருப்பி வைத்தேன். முந்தானை இடத்தோளுக்கு வந்தது.